ஜெர்மனியில் முதல் பருவம்: பாடமா, பயணமா, அடுப்பா – நேரம் எங்கே போகிறது?

கூடுதுறையான் | 22 மார்ச் 2026, ஞாயிறு, பிற்பகல் 3.10

அனைவருக்கும் வணக்கம். கடந்த அக்டோபரில் இயந்திரப் பொறியியல் முதுகலைக்காக ஆகன் நகரத்துக்கு வந்தேன். முதல் பருவத்துக்கு ஆறு பாடங்களைப் பதிவு செய்திருந்தேன். இரண்டில் தேர்ச்சி பெற்றேன், ஒன்றில் தோற்றேன், மற்ற மூன்றிலிருந்தும் தேர்வுக்கு முன்பே பெயரை விலக்கிக்கொண்டேன். ஊரில் இளங்கலை படித்த நான்கு ஆண்டுகளிலும் ஓர் அரியர் கூட வைத்ததில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கே என்ன நடந்தது என்று எனக்கே விளங்காததால் சொல்கிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?” நான் வாட்ஸ்ஆப்பில் வைத்த படங்களை அவர் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். ஆண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே கட்டி, மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளும் பிளாக்ட் அக்கவுண்ட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர் அவர். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

அன்றிரவு நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், பிரஸ்ஸல்ஸ் என்று மொத்தம் பதினொரு நகரங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குச் செலவான நாட்கள் பதினேழு. அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 165 நாட்கள் இருக்கின்றன. ஆக, கிட்டத்தட்ட நூற்றைம்பது நாட்கள் நான் இதே ஊரில், இதே அறையில்தான் இருந்திருக்கிறேன். அந்த நூற்றைம்பது நாட்களில் ஆறு பாடங்களைப் படிக்க முடியவில்லை என்றால் பதினேழு நாட்களின் மேல் பழியைப் போடுவது சரியா? இதை அப்பாவிடம் சொன்னால் வாதமாகிவிடும் என்று சொல்லவில்லை. இங்கே படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மூன்றாம்_பருவம் | 22 மார்ச், மாலை 5.42

நண்பரே, நான் டிரெஸ்டனில் மூன்றாம் பருவத்தை இப்போதுதான் முடித்திருக்கிறேன். உங்கள் நிலைமை எனக்குப் புதிதல்ல. முதல் பருவத்தில் நானும் இரண்டே பாடங்களில்தான் கரையேறினேன்.

முதலில் கிரெடிட் கணக்கைப் பார்ப்போம். ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது இங்கே பொதுவாக முப்பது மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 900 மணி நேரம். ஆறு மாதத்துக்கும் சமமாகப் பங்கிட்டால், கிறிஸ்துமஸ் வாரத்தையும் சேர்த்தே, வாரத்துக்கு 35 மணி நேரம் வருகிறது. வகுப்பு நடக்கும் பதினைந்து வாரங்களுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தால் வாரத்துக்கு 60 மணி நேரம் ஆகிறது. கால அட்டவணையிலோ இருபது மணி நேரத்துக்கு மேல் எதுவும் இருக்காது. அட்டவணையில் வெள்ளையாகத் தெரியும் கட்டங்களை நாம் ஓய்வு நேரம் என்று எடுத்துக்கொள்கிறோம். பாடத்திட்டத்தை எழுதியவர்கள் அவற்றையும் படிப்பு நேரமாக எண்ணித்தான் கிரெடிட் கொடுத்திருக்கிறார்கள்.

ஊரில் நம்மைப் படிக்க வைத்தவை இன்டர்னல் மார்க்கும், மாடல் எக்ஸாமும், வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போகும் குறுஞ்செய்தியும்தான். அவற்றை நாம் திட்டித் தீர்த்தோம் என்றாலும், வாரந்தோறும் பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தவை அவையே. இங்கே பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப்பதிவு கிடையாது, பருவத்தின் நடுவில் தேர்வும் கிடையாது. அக்டோபரில் தொடங்கிய பாடத்துக்கு உங்களை யாராவது கேள்வி கேட்பது பிப்ரவரியில்தான். அதுவரை கிடைக்கும் சுதந்திரம் வட்டிக்கு வாங்கிய கடன் என்பது எனக்கு முதல் பருவம் முடிந்த பிறகே புரிந்தது.

இன்னொன்று: மூன்று பாடங்களிலிருந்து விலகியதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான் தருகிறார்கள். கட்டாயப் பாடத்தில் மூன்றும் போய்விட்டால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. படிக்காமல் போய் உட்கார்ந்து ஒரு வாய்ப்பை வீணாக்காமல், கெடுவுக்குள் விலகியது விவேகம்தான். தோற்ற ஒரு பாடத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

---

அடுப்பங்கரை_ஆய்வு | 22 மார்ச், இரவு 8.15

நான் ஹனோவரில் வேதியியல் ஆய்வு மாணவி. முதுகலையையும் இங்கேதான் படித்தேன். மேலே சொன்ன 900 மணி நேரக் கணக்கு சரியானதே. ஆனால் எதிர்த்தரப்பில் நிற்கும் பெரிய எதிரியை இருவருமே சொல்லவில்லை, அது சமையல்.

முதுகலையின் இரண்டாவது மாதத்தில், நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல், ஒரு வாரம் முழுவதும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். சமைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் பதினான்கு மணி நேரம். கடைக்குப் போய் வர நான்கு மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஆசியக் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடிப் போனது. துணி துவைக்க, நிலவறையில் இருக்கும் இயந்திரத்துக்கு முறை போட்டுக் காத்திருந்து, மூன்று மணி நேரம். வீட்டுக்குப் பேசியது ஐந்து மணி நேரத்துக்கு மேல். குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம் என்பதால், அம்மாவுக்கு இரவு பத்து மணி என்றால் எனக்கு மாலை ஐந்தரை. அதாவது, நூலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மிக நல்ல நேரம். எல்லாம் சேர்த்து இருபத்தாறு மணி நேரம். அது ஒரு பகுதி நேர வேலைக்கு மேல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் நான் சாப்பிட்டது நன்றாகவும் இல்லை. பகிர்ந்துகொள்ளும் சமையலறையில் நான்கு அடுப்புக்கு ஏழு பேர். இரவு எட்டரைக்கு மேல்தான் இடம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் மிக்ஸி போட்டால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு என்பதை மறந்து சனிக்கிழமையைத் தூங்கிக் கழித்தால், ஞாயிறு முழுவதும் ரசமும் ரொட்டியும்தான். ரசத்தில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அனுபவம் ஒரு முறை போதும்.

பிறகு மதியச் சாப்பாட்டை மென்சாவுக்கு மாற்றினேன். பல்கலைக்கழக உணவகத்தில் உருளைக்கிழங்கும் பருப்புச் சூப்பும் தினமும் நாக்குக்கு ஏறாதுதான். ஆனாலும் மதியம் ஒன்றரை மணி நேரம் மிச்சமாயிற்று, வகுப்புத் தோழர்களோடு பேசவும் வாய்த்தது. யாரிடம் பழைய வினாத்தாள் இருக்கிறது, எந்தப் பேராசிரியர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்பார் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் கிடைத்தது. இரவுக்கு, சனிக்கிழமை ஒரே மூச்சில் சாம்பாரும் கூட்டும் செய்து டப்பாக்களில் உறைய வைத்துவிடுவேன். தினமும் புதிதாகச் சமைத்துச் சாப்பிடுவதுதான் நம் பண்பாடு என்று ஊரில் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பண்பாட்டை நமக்காக அம்மாதான் சுமந்துகொண்டிருந்தார் என்பது இங்கே வந்த பிறகே நம்மில் பலருக்குத் தெரிகிறது.

---

கூடுதுறையான் | 22 மார்ச், இரவு 9.30

இருவருக்கும் நன்றி. சகோதரி சொன்ன இருபத்தாறு மணி நேரம் என் வாழ்க்கையை ஒளிந்திருந்து பார்த்தது போல் இருக்கிறது. ஒன்றை நான் முதல் பதிவில் எழுதவில்லை. நவம்பர் முதல் ஒரு பார்சல் கிடங்கில் செவ்வாய், வெள்ளி இரவுகளில் ஆறு மணி நேரம் வீதம் வேலை செய்தேன். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி இருப்பதால் சட்டத்துக்கு உட்பட்டதுதான். அப்பாவின் பணத்தில் ஊர் சுற்றக் கூடாது, பயணச் செலவை நானே சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சேர்ந்தேன்.

---

நெக்கர்க்கரை | 22 மார்ச், இரவு 10.05

ஒரே ஒரு கேள்வி: நீங்கள் தோற்ற பாடத்தின் வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?

---

கூடுதுறையான் | 22 மார்ச், இரவு 10.11

வெப்பக் கடத்தல். புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு.

கேட்டதும்தான் எனக்கே உறைக்கிறது.

---

நெக்கர்க்கரை | 23 மார்ச், காலை 7.20

இரவு தூங்கவிடாமல் செய்துவிட்டேன் என்றால் மன்னிக்கவும். நான் ஸ்டுட்கார்ட்டில் படித்து, இப்போது இங்கேயே வேலை பார்க்கிறேன். நானும் இதே குழியில் விழுந்தவன்.

பதினேழு நாட்கள்தான் வெளியே இருந்தேன் என்று நீங்கள் போட்ட கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அந்தப் பயணங்களுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று சொல்லவில்லை. தோராயமாக 1,350 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இந்த ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 யூரோ 90 சென்ட். அதற்கு முன் 12 யூரோ 82 சென்ட். இரவுப்படி கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கலாம், பிடித்தங்களும் இருந்திருக்கும். கூடிய கூலியையே எடுத்துக்கொண்டாலும், 1,350 யூரோ என்பது 97 மணி நேரக் கிடங்கு வேலை. ஆறு மணி நேரம் ஓர் இரவு என்றால் பதினாறு இரவுகள். ஒவ்வோர் இரவுக்கும் மறுநாள் பாதி நாள் தூக்கத்தில் போயிருக்கும். ஆக, பதினேழு நாள் பயணத்தின் உண்மையான விலை முப்பது நாட்களுக்கு மேல் வருகிறது. அதிலும் புதன்கிழமைகள் அதிகம்.

பயணம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விலை குறைந்த பயணத்துக்கு நேரமும் குறைவாகத்தான் செலவாகும் என்கிறேன். பருவக் கட்டணத்தோடு சேர்ந்து வரும் மாணவர் டிக்கெட், உள்ளூர்ப் பேருந்திலும் நாடு முழுவதும் ஓடும் வட்டார ரயில்களிலும் செல்லுபடியாகும், ஐ.சி.இ. போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. அந்த டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போக இரவு முழுவதும் பெட்டி தூக்குவது, வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுப்பது போலத்தான்.

நீங்கள் இயந்திரப் பொறியாளர். உங்கள் டிக்கெட்டிலேயே போகக்கூடிய தூரத்தில் வுப்பர்டால் இருக்கிறது. 1901இல் திறந்த தொங்கு ரயில் இன்றும் அங்கே தினசரிப் போக்குவரத்தில் ஓடுகிறது. 13 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி வுப்பர் ஆற்றுக்கு மேலேயே. தலைக்கு மேல் ஒற்றைத் தண்டவாளம், அதைப் பற்றிக்கொண்டு ஒரு பக்கத்துச் சக்கரங்கள். வளைவில் திரும்பும்போது பெட்டி ஊஞ்சல் போல ஒருபுறம் சாய்வதை உடம்பு உணரும். எஸ்ஸனில் இருக்கும் சோல்ஃபராய்ன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஈஃபில் கோபுரத்தின் முன் நின்று எடுத்த படத்தைவிட இவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி எனக்கு அதிகம் உதவியது. அந்தப் பேராசிரியரிடம்தான் பிறகு ஹிவி வேலை கிடைத்தது. துறைக்குள்ளேயே மாணவ உதவியாளராகச் செய்யும் அந்த வேலை 140 நாள் கணக்கில் சேராது. அதற்கு இரவில் கண் விழிக்கவும் வேண்டாம்.

---

அறைக்குள்_ஆறு_மாதம் | 23 மார்ச், பகல் 12.48

இந்த இழையைப் படிப்பவர்கள், ‘அப்படியென்றால் எங்கும் போகாமல் இருந்தால் எல்லாப் பாடமும் தேறிவிடும்’ என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் அப்படித்தான் இருந்தேன். முதல் குளிர்காலம் முழுவதும் ஊரைத் தாண்டவில்லை, வேலைக்கும் போகவில்லை, சமையலும் பெரிதாக இல்லை. என் சராசரி 3.3. இங்கே 1.0 தான் முதல்தரம், 4.0க்கு மேல் போனால் தோல்வி என்பதால், தேறினேன், அவ்வளவுதான்.

டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடிகிறது; மாலை நான்கரைக்கு இருட்டிவிடுகிறது. நான் எழுந்திருக்கும்போது பதினொன்றாகியிருக்கும். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பதிவு செய்த விரிவுரையை ஓடவிட்டு, கைப்பேசியில் ஊர்க்காரர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே போகாததால் ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று வீட்டிலும் சொன்னேன், நானும் நம்பினேன். ஊர் சுற்றியவருக்குத் தான் படிக்கவில்லை என்பதாவது தெரிந்திருக்கும். எனக்கு அதுவும் தெரியவில்லை. இரண்டாம் பருவத்தில் ஒரு நடைக்குழுவோடு ஞாயிறுதோறும் போகத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்பதாலேயே சனிக்கிழமைக்குள் பயிற்சித் தாளை முடித்தேன்.

---

ஹம்_வாசி | 23 மார்ச், மாலை 6.33

பிள்ளைகள் எல்லோரும் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். நான் 1985ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தவன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. படிக்க வரவில்லை, உயிரைக் காப்பாற்ற வந்தேன்.

ஊர் சுற்றுவதைப் பற்றிக் கதைக்கிறீர்கள், அதனால் ஒன்றைச் சொல்கிறேன். அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை, எங்களைப் பதிந்த பகுதியின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்த என் அண்ணனைப் பார்ப்பதற்குக் கந்தோருக்குப் போய், காரணம் எழுதி, அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். சில கிழமைகளில் கொடுப்பார்கள், சில கிழமைகளில் மறுப்பார்கள். ஒரு தரம் கடிதம் இல்லாமல் போய்ப் பிடிபட்டு, ஒரு மாதச் சாப்பாட்டுக் காசைத் தண்டமாகக் கட்டினேன். கொலோன் தேவாலயத்தை நான் முதன்முதலில் உள்ளே போய்ப் பார்த்தது, வந்து ஆறு வருடம் கழித்து. 533 படிகளையும் ஏறி முடித்தபோது கால் வலித்தது நினைவில் இல்லை. யாரும் என்னிடம் கடிதம் கேட்கவில்லை என்பதுதான் நினைவில் இருக்கிறது.

தம்பி கூடுதுறையான், உங்கள் அப்பாவின் கேள்வி பிழையில்லை. ஆனால் நீங்கள் போனதும் பிழையென்று நான் சொல்ல மாட்டேன். பதினொரு நகரத்தையும் ஒரே குளிர்காலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஏன் அவசரப்பட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உங்கள் படிப்பு இரண்டு வருடம். நகரங்கள் எங்கேயும் ஓடிப்போகா. யூன் மாதத்தில் இந்தப் பக்கம் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தால் அதற்குப் பிறகு ஐந்து மணித்தியாலப் பகல் கையில் இருக்கிறது. இருட்டுக் காலத்தில் புத்தகம், வெளிச்சக் காலத்தில் றோட்டு. என் பிள்ளைகள் இருவரும் இங்கே அப்படித்தான் படித்தார்கள்.

அப்படியே எங்கள் ஹம் நகரத்துக்கும் வாருங்கள். 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோவில் இங்கே இருக்கிறது. கோடையில் தேர் வரும். தீர்த்தத்துக்கு அம்பாள் பக்கத்துக் கால்வாய்க்குப் போவா. அன்னதானம் உண்டு, ஆகவே அன்றைக்குச் சமைக்கவும் தேவையில்லை.

---

மூன்றாம்_பருவம் | 23 மார்ச், இரவு 9.02

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் டிக்கெட்டை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ‘இருட்டுக் காலத்தில் புத்தகம்’ என்பதில் மட்டும் ஒரு சிறு மாற்றுக் கருத்து. கோடைப் பருவத்தின் தேர்வுகள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகின்றன. நூலகத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே அந்த வெயிலைப் பார்ப்பது குளிர்காலத்தைவிடக் கொடுமை. குளிர்காலத்தில் ரைன் ஆற்றுப் பகுதியில் இருப்பவர்களுக்கு வேறு சோதனை: இந்த ஆண்டு கார்னிவல் பிப்ரவரி 12 வியாழக்கிழமை தொடங்கி, 16ஆம் தேதி திங்களன்று உச்சத்துக்கு வந்தது. தேர்வுக் காலத்தின் நட்ட நடுவில் தெருவெல்லாம் வேடமும் கொட்டுமாக இருந்ததென்று கொலோனில் படிக்கும் நண்பன் புலம்பினான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தானாம்.

நான் பின்பற்றுவது இதுதான்: வகுப்பு தொடங்கும் முதல் ஐந்து வாரங்களில், தேர்வு வெகுதூரத்தில் இருக்கும்போதே, பயிற்சித் தாள்களை ஒன்று விடாமல் முடிப்பேன். பயணத்தை ஆறாவது வாரத்துக்கு மேல், ஒரே நாளில் திரும்பும்படி வைத்துக்கொள்வேன். பெரிய பயணம் என்றால் கடைசித் தேர்வுக்கு மறுநாள்தான். நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்த ஜோரில் முதல் ஐந்து வாரங்களைத்தான் சுற்றிக் கழிக்கிறார்கள்.

---

கூடுதுறையான் | 29 மார்ச், ஞாயிறு, இரவு 8.40

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நெக்கர்க்கரை அவர்களே, உங்கள் ஊகம் கிட்டத்தட்டச் சரி. வங்கிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பயணச் செலவு 1,410 யூரோ. கிடங்கு வேலையை இந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன். ஏப்ரலில் தொடங்கும் பருவத்துக்கு நான்கு பாடங்களும், அவற்றோடு வெப்பக் கடத்தல் இரண்டாம் முறையும் என்று முடிவு செய்திருக்கிறேன். படிப்பு ஒரு பருவம் நீளலாம். அதை அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். புதன்கிழமை விஷயத்தையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ராத்திரி வேலைக்குப் போனதை ஏன் சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டார்.

இன்று அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிட்டார்கள். அதனால் தூக்கம் போனதுதான் போகட்டும் என்று, அந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கோப்லென்ஸுக்குப் போனேன். கொலோனில் மாறி, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கொலோனைத் தாண்டி வெகுதூரம் இடதுபக்கம் ரைன் கூடவே வந்தது. வெப்பக் கடத்தலின் முதல் இரண்டு பயிற்சித் தாள்களை ரயிலிலேயே போட்டுப் பார்த்தேன். இரண்டாவதில் நான்காம் கணக்கு வரவில்லை.

கோப்லென்ஸில் மோசல் ஆறு ரைனோடு சேரும் முனையில் பெரிய குதிரை வீரன் சிலை இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். பவானியில் கூடுதுறைப் படிக்கட்டில் உட்கார்ந்தால் காவிரியும் பவானியும் சேரும் இடம் இப்படித்தான் தெரியும். என்ன, அங்கே ஈரத்துணியும் தர்ப்பைப் புல்லும் கிடக்கும், இங்கே சரக்குப் படகு போகிறது. தண்ணீரை மட்டும் ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாமல் அப்பாவுக்கு அனுப்பினேன். இப்போது வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான் என்பது நினைவில்லை. அங்கே இரவு ஏழாகியிருந்தது. “இது எந்த ஊர்க் கூடுதுறை?” என்று உடனே பதில் வந்தது.

திரும்பி வரும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆகன் தேவாலயம் 1978இல் யுனெஸ்கோவின் முதல் பன்னிரண்டு இடங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. சார்லமேன் மன்னர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய எண்கோண மண்டபம் அதற்குள் இருக்கிறது. என் அறையிலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். பதினொரு நகரம் பார்த்த நான் இன்னும் அதற்குள் போகவில்லை. வரும் சனிக்கிழமை, சாம்பார் வைத்து டப்பாவில் போட்டுவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.

சகோதரி, இன்னொரு ஐயம்: இந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

---

அடுப்பங்கரை_ஆய்வு | 29 மார்ச், இரவு 9.17

மாவை ஓவனுக்குள் வைத்து, சூடு எதுவும் போடாமல், விளக்கை மட்டும் எரியவிடுங்கள். காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு வைக்க மறந்துவிடாதீர்கள். முதல் முறை நான் வைக்கவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பகிர்வுச் சமையலறையின் ஓவனைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.